எட்டு முறை கலைத்தும் கலையாத சீட்டுக்கட்டு

எங்கள் பெரியப்பா ரம்மி ஆட உட்கார்ந்தால், கட்டை யார் கலைத்தாலும் திருப்திப்பட மாட்டார். "இன்னும் நாலு தடவை கலைச்சுப் போடுப்பா" என்பார். கலைத்தால் கலையும், கூடக் கலைத்தால் கூடுதலாகக் கலையும் என்பது அவர் கணக்கு. நம் எல்லோருடைய கணக்கும் அதுதான்.

அந்தக் கணக்கைப் பொய்யாக்குகிற கலைப்பு ஒன்று இருக்கிறது. 52 சீட்டையும் ஏஸ் முதல் ராஜா வரை ஜாதிவாரியாக அடுக்கிக்கொள்கிறீர்கள். ஒரு குறிப்பிட்ட விதத்தில் கலைக்கிறீர்கள். விரித்துப் பார்த்தால் நன்றாகவே கலைந்திருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது என்று போகப்போக இன்னும் மோசமாகிறது. ஐந்தாவதில் அடுக்கினவருக்கே தலையும் புரியாது, வாலும் புரியாது. எட்டாவது முறை முடித்துவிட்டு மேஜையில் விரித்தால், ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டது போட்டபடி இருக்கிறது. ஒரு சீட்டைக்கூட ஒளிக்கவில்லை, மாற்றவில்லை. கலைத்தது மட்டும்தான்.

இதற்குப் பெயர் ஃபாரோ கலைப்பு. சீட்டு வித்தைக்காரர்கள் கை நடுங்கிக் கற்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. நானும் கற்றேன். மூன்று வாரம் கட்டும் கையுமாக அலைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா முன்னால் உட்கார்ந்து எட்டு முறை கலைத்துக் காட்டினேன். எட்டும் சுத்தமாக விழுந்தது, கையில் ஒரு தவறும் இல்லை. விரித்தால் குப்பை. பெரியப்பா, "நல்லாத்தான் கலைச்சிருக்கே, போடு ஆட்டத்தை" என்று சொல்லிவிட்டார். எங்கே தப்பு நடந்தது என்பது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. உங்களுக்கு இந்தக் கட்டுரையின் கடைசிக்குள் புரிந்துவிடும்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரணமாக நாம் கலைக்கும்போது கட்டை ஏறக்குறைய பாதியாகப் பிரித்து, இரண்டு கட்டைவிரலாலும் சர்ரென்று ஓரங்களை விடுவிக்கிறோம். இங்கிருந்து இரண்டு, அங்கிருந்து மூன்று, மறுபடி இங்கிருந்து ஒன்று என்று தாறுமாறாக விழும். ஃபாரோவில் இந்தத் தாறுமாறே கூடாது. 52ஐ மிகச்சரியாக 26, 26 என்று வெட்ட வேண்டும். பிறகு இந்த அடுக்கிலிருந்து ஒன்று, அந்த அடுக்கிலிருந்து ஒன்று என்று ஒரு சீட்டு பிசகாமல் கோக்க வேண்டும். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டு பாருங்கள், அதே அமைப்புதான். விரல் பத்து, சீட்டு 52.

கோப்பதில் இரண்டு வகை உண்டு. கட்டின் உச்சியில் இருந்த சீட்டு, கலைத்த பிறகும் உச்சியிலேயே இருக்கலாம். அப்போது அடியில் இருந்ததும் அடியிலேயே இருக்கும். இதை வெளிக்கலைப்பு என்று வைத்துக்கொள்வோம். முனைச் சீட்டுகள் இரண்டும் வெளியிலேயே நிற்பதால் அந்தப் பெயர். இல்லாவிட்டால் கீழ்ப்பாதியின் முதல் சீட்டு மேலே ஏறி, பழைய உச்சிச் சீட்டு இரண்டாவது இடத்துக்கு உள்ளே போய்விடும். அது உள்கலைப்பு. இந்த 'உள்', 'வெளி' என்ற பெயர்களைக் கொடுத்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த அலெக்ஸ் எல்ம்ஸ்லி. கணினித் துறையில் வேலை, சீட்டு வித்தையில் பைத்தியம். அவரிடம் பிறகு வருவோம்.

நம்பிக்கை வராதவர்கள் எட்டே எட்டு சீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஏஸ் முதல் எட்டு வரை வரிசையாக வையுங்கள். நாலு நாலாகப் பிரித்துக் கையாலேயே ஒவ்வொன்றாக இடையில் செருகுங்கள். வெளிக்கலைப்பு என்பதால் 1 மேலேயே இருக்கும்: 1, 5, 2, 6, 3, 7, 4, 8. இதை மறுபடி நாலு நாலாக்கிச் செருகினால் 1, 3, 5, 7, 2, 4, 6, 8. மூன்றாம் முறை செய்தால் 1, 2, 3, 4, 5, 6, 7, 8. கட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டது. எட்டு சீட்டுக்கு மூன்று முறை, 16 சீட்டுக்கு நாலு, 32க்கு ஐந்து. 52க்கு எட்டு.

இதன் பெயர் சூதாட்ட மேஜையிலிருந்து வந்தது. ஃபாரோ என்பது 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் கொடிகட்டிப் பறந்த சீட்டாட்டம். நம் ஊர் 'உள்ளே வெளியே' தெரிந்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வது சுலபம். ஆடுபவர்கள் ஏதாவது ஒரு எண்ணின் மேல் பணம் வைப்பார்கள். டீலர் இரண்டிரண்டு சீட்டாக எடுப்பார். முதலில் வருவது தோற்கும் சீட்டு, அடுத்து வருவது ஜெயிக்கும் சீட்டு. இரண்டும் ஒரே எண்ணாக, அதாவது இரண்டும் ஏழு அல்லது இரண்டும் ராணி என்று வந்துவிட்டால், அந்த எண்ணில் வைத்த பணத்தில் பாதி கடைக்காரருக்கு. நேர்மையாக ஆடினால் கடைக்கு லாபம் என்று இருந்தது கிட்டத்தட்ட இது ஒன்றுதான். இப்போது நேர்மையில்லாத டீலரை நினைத்துப் பாருங்கள். ஆட்டம் முடியும்போது ஜெயித்த சீட்டுகள் ஒரு அடுக்காகவும் தோற்றவை ஒரு அடுக்காகவும் அவர் முன்னாலேயே கிடக்கின்றன. பொறுக்கி எடுக்கிற சாக்கில் இரண்டு அடுக்கிலும் ஒரே உயரத்தில் ஜோடிகளை வைத்துவிட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துவிட்டால் போதும். அடுத்த ஆட்டத்தில் ஜோடி ஜோடியாக வந்து விழும். எல்லோர் கண் முன்னாலும் கட்டைக் கலைத்த மாதிரியே இருக்கும்.

லண்டனின் புகழ்பெற்ற மேஜிக்காரர் ஜான் நெவில் மாஸ்கலின் 1894இல் சூதாட்ட மோசடிகளை அம்பலப்படுத்திப் புத்தகம் எழுதியபோது, இதை ஃபாரோ டீலரின் கலைப்பு என்று விவரித்திருந்தார். ஃபாரோ ஆட்டத்தை இன்று ஆடுவார் இல்லை. கலைப்பின் பெயரில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மோசடிக்காரர் கையிலிருந்து இது வித்தைக்காரர் கைக்கு மாறியது. சிகாகோவின் எட் மார்லோ 1958இல் இதற்கென்றே புத்தகம் போட்டார்.

சரி, கைக்கு வருவோம். ஒரு சீட்டின் கனம் சுமார் 0.3 மில்லிமீட்டர். அந்தக் கனமுள்ள 26 சந்துகளில் 26 சீட்டைச் செருக வேண்டும் என்று சொன்னால் பயமாக இருக்கும். முதல் வாரம் நான் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு சீட்டையும் விரலால் வழிநடத்த முயன்றேன், கட்டு தரையில் சிதறியது. விஷயம் என்னவென்றால், நீங்கள் எதையும் செருகுவதில்லை. இரண்டு அடுக்கின் முனைகளும் சரியான கோணத்தில், சரியான அழுத்தத்தில் சந்தித்தால் சீட்டுகள் தாமாகவே ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். பேண்ட் ஜிப் மாதிரி. ஜிப்பின் பற்களை யாரும் ஒவ்வொன்றாகக் கோப்பதில்லை, ஆரம்பம் சரியாக இருந்தால் மீதி ஓடிவிடும். ஆகவே கற்க வேண்டியது அந்த ஆரம்பத்தை.

கட்டிலிருந்தே தொடங்குங்கள். பெட்டிக்கடையில் வாங்கிய, நாலு பேர் நாலு வருஷம் ஆடிய கட்டு உதவாது. மூலைகள் மழுங்கி, வியர்வை பட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். முழு பிளாஸ்டிக் சீட்டும் ஆரம்பத்தில் வேண்டாம், வழுக்கும். பைசைக்கிள் என்கிற பிராண்டு போன்ற காகிதச் சீட்டுக்கட்டு ஒன்றைப் புதிதாக வாங்கி, சாதாரணமாகக் கலைத்து ஒரு நாள் பழக்கிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. இன்னொரு சூட்சுமம். தொழிற்சாலையில் சீட்டுகளை அச்சால் வெட்டும்போது ஓரத்தில் ஒரு பக்கம் மெல்லிய சரிவு விழுகிறது. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். அதனால் ஒரு கட்டு கீழிருந்து மேலாக வெண்ணெயாக இறங்கும், மேலிருந்து கீழாக முரண்டு பிடிக்கும். இன்னொரு கட்டு நேர் எதிராக இருக்கும். எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை என்றால் உங்கள் கையைத் திட்டுவதற்கு முன் கட்டைத் திருப்பிப் போட்டு ஒருமுறை பாருங்கள். இது தெரியாமல் எனக்கு நாலு நாள் வீண்.

கட்டை நிறுத்தி மேஜையில் நாலு பக்கமும் தட்டிச் சமப்படுத்துங்கள். ஏனோதானோவென்று தட்டாதீர்கள். ஒரு சீட்டு அரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தாலும் அந்த இடத்தில் கோர்வை நின்றுவிடும். பிறகு வெட்டு. 26 சீட்டு சுமார் எட்டு மில்லிமீட்டர் உயரம். கண்ணால் பார்த்துச் சரியாக 26இல் வெட்டுவது நடக்கிற காரியமா என்றால், நடக்கும். தினமும் 20 தடவை வெட்டி, எண்ணி, மறுபடி வெட்டினால் இரண்டு வாரத்தில் 25, 26, 27க்குள் வந்துவிடுவீர்கள். அந்த ஒன்றிரண்டு பிசகைச் சரிசெய்ய வேறு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்குச் சொல்கிறேன். கீழ்ப்பாதி இடது கையில். நீளவாட்டு ஓரம் ஒன்றில் கட்டைவிரல், எதிர் ஓரத்தில் நடுவிரலும் மோதிரவிரலும். மேல்பாதி அதேபோல வலது கையில். இரண்டின் குறுகிய முனைகளும் நேருக்கு நேர் முட்டுமாறு கொண்டுவாருங்கள். இடது ஆள்காட்டி விரலை நீட்டி, இரண்டு அடுக்கும் சேருகிற இடத்தில் வெளி ஓரத்தை ஒட்டிச் சுவர் மாதிரி வையுங்கள். அந்தச் சுவர் இல்லாவிட்டால் அடுக்குகள் பக்கவாட்டில் விலகிக்கொண்டே இருக்கும்.

இனிமேல்தான் வேலையே. முனைகளை முழுசாக முட்ட வைக்காதீர்கள். வலது அடுக்கை ஒரு துளி சாய்த்து, மூலையும் மூலையும் மட்டும் தொடும்படி வையுங்கள். அப்பளத்தைப் பிடிக்கிற அழுத்தம் போதும், உடையக் கூடாது. அந்த மூலையை மெல்ல மேலும் கீழுமாக அசைத்தால், ஒரு கணத்தில் முதல் சீட்டு தன் சந்தைக் கண்டுபிடித்து இறங்குவது விரலுக்குத் தெரியும். அது இறங்கியதும் அசைப்பதை நிறுத்தி, அழுத்தத்தைக் கூட்டாமல் குறையுங்கள். குறைத்ததும் சர்ரென்று மற்றவையும் இறங்கும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். முதல் சீட்டு இறங்கிய சந்தோஷத்தில் அழுத்துவார்கள். அழுத்தினால் சீட்டுகள் ஒன்றோடொன்று இறுகிப்போய் இரண்டிரண்டாகத்தான் நகரும். கோர்வை நடுவில் இரட்டையாக விழுந்திருந்தால், கை அதிகம் அழுத்தியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோத்தது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருக்கிற சோதனைகளிலேயே நல்லது சிவப்பு கறுப்புச் சோதனை. ஆட்டினும் டைமனும் சேர்ந்த 26 சிவப்புச் சீட்டும் மேலே, இஸ்பேடும் கிளாவரும் சேர்ந்த 26 கறுப்புச் சீட்டும் கீழே. வெட்டியதும் மேல் அடுக்கின் அடிச்சீட்டைச் சாய்த்துப் பாருங்கள். அது சிவப்பாகவும், கீழ் அடுக்கின் உச்சிச்சீட்டு கறுப்பாகவும் இருந்தால் வெட்டு சரி. கோத்து முடித்துச் சேர்த்தபின் முகம் தெரிய விரியுங்கள். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று சதுரங்கப் பலகை மாதிரி ஓடினால் வெற்றி. எங்காவது இரண்டு சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் தவறு அந்த இடத்தில். மேல்பக்கமே தவறுகள் குவிந்தால் வெட்டிய அடுக்கைச் சரியாகத் தட்டவில்லை, நடுவில் குவிந்தால் அழுத்தம். அதே கட்டை அப்படியே இரண்டாம் முறை வெளிக்கலைப்பு செய்தால் சிவப்பு சிவப்பு, கறுப்பு கறுப்பு என்று இரட்டை இரட்டையாக வரவேண்டும். முதல் முறை நிஜமாகவே சரியாக விழுந்ததா என்பதற்கு அது இரண்டாவது சாட்சி.

26 பிசகுவதற்கும் கோர்வையே பதில் சொல்லும். 27, 25 என்று வெட்டிவிட்டீர்கள் என்றால், ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகும்போது சின்ன அடுக்கு தீர்ந்து, கடைசி முனையில் பெரிய அடுக்கின் சீட்டுகள் இரண்டு மூன்று துணையில்லாமல் சேர்ந்து நிற்கும். முழுசாகத் தள்ளிச் சேர்ப்பதற்கு முன்னால் அதைக் கவனித்துவிட்டால், பிரித்து ஒரு சீட்டை மாற்றி மறுபடி கோக்கலாம். பார்ப்பவர்களுக்கு அது ஏதோ விளையாட்டாகக் கலைப்பது போலத்தான் தெரியும்.

ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் இறங்கவில்லை என்று சலித்துப்போகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் சீட்டை மேலே தள்ளி, அடுத்ததைக் கீழே விட்டு, அடுத்ததை மேலே தள்ளி என்று 52ஐயும் மாற்றி மாற்றித் தள்ளுங்கள். பிறகு மேலே துருத்திய 26ஐ ஒரே பிடியாக உருவி, மீதியின் மேல் வையுங்கள். இது ஃபாரோவைத் தலைகீழாக ஓட்டுவது. கையில் திறமை எதுவும் வேண்டாம், பொறுமை போதும். இதையும் எட்டு முறை செய்தால் கட்டு பழைய வரிசைக்குத் திரும்பும். போகிற பாதைக்கு எட்டு அடி என்றால் வருகிற பாதைக்கும் எட்டு அடிதானே.

ஏன் எட்டு? கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம் என்று சொல்ல மாட்டேன். சின்னக் கணக்குதான்.

ஒரு சீட்டுக்கு மேலே எத்தனை சீட்டுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். உச்சிச்சீட்டுக்கு 0, அதற்கடுத்ததற்கு 1. வெளிக்கலைப்பு செய்யும்போது இந்த எண் இரட்டிப்பாகிறது. மேலே இருந்த ஒவ்வொரு சீட்டுக்கும் துணையாக அடுத்த அடுக்கிலிருந்து ஒரு சீட்டு வந்து புகுந்துகொள்வதால் இரட்டிப்பு. இரட்டித்த எண் 51ஐத் தாண்டினால் 51ஐக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விதி. இரண்டாவது சீட்டைப் பின்தொடர்வோம். 1 இருந்தது 2 ஆகிறது, 4, 8, 16, 32. அடுத்தது 64, அதில் 51 போக 13. பிறகு 26. பிறகு 52, அதில் 51 போக 1. எட்டாவது அடியில் வீடு. 2ஐ எட்டு முறை பெருக்கினால் 256, அதை 51ஆல் வகுத்தால் மிச்சம் 1. எல்லாச் சீட்டும் ஒரே நேரத்தில் வீடு திரும்புவதற்குக் காரணம் அந்த மிச்சம் 1தான். நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேலே 17 சீட்டு உள்ளது இரட்டித்து 34ஆகும், 34 இரட்டித்து 68, அதில் 51 போக மறுபடி 17. கட்டின் 18ஆவது சீட்டும் 35ஆவது சீட்டும் ஒவ்வொரு முறையும் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்கின்றன, வேறு எங்கும் போவதில்லை. எட்டு முறை செய்யாமல் இரண்டே முறையில் உங்கள் கையைச் சோதிக்க இந்த ஜோடி போதும்.

எல்ம்ஸ்லி இதில் கண்டுபிடித்தது அழகான விஷயம். உச்சியில் இருக்கிற சீட்டை, மேலே ஆறு சீட்டு இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். கணினிக்காரர்கள் எழுதும் இரும எண்ணில் 6ஐ எழுதினால் 110. இதில் 1 வந்தால் உள்கலைப்பு, 0 வந்தால் வெளிக்கலைப்பு. உள், உள், வெளி. மூன்று கலைப்பு முடிந்ததும் மேலிருந்து ஆறு சீட்டை எண்ணி வைத்துவிட்டு ஏழாவதைத் திருப்பினால் அதே சீட்டு. மேலே 13 சீட்டு இருக்க வேண்டும் என்றால் 1101, அதாவது உள், உள், வெளி, உள். உள்கலைப்பில் எண் இரட்டித்து ஒன்று கூடுகிறது, வெளிக்கலைப்பில் இரட்டிப்பு மட்டும். இரும எண் எழுதுகிற முறையும் அதேதான். கணினியில் வேலை பார்த்த ஒருவர் கண்ணில் இது பட்டதில் ஆச்சரியமில்லை. 1971இல் ஹெரால்ட் ஸ்டோன் என்கிற கணினி ஆய்வாளர், பல செயலிகள் (கணினிக்குள் கணக்குப் போடும் பிராசஸர்கள்) சேர்ந்து வேலை செய்யும்போது தகவலை இடம் மாற்ற இந்த முழுநிறைக் கலைப்பே பொருத்தமான வழி என்று காட்டினார். சூதாட்ட மேஜையில் தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

பெரியப்பாவின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. எத்தனை முறை கலைத்தால் நன்றாகக் கலையும்? இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் பெர்சி டயாகோனிஸ். 14 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, சீட்டு வித்தையின் பெரிய ஆசான் டாய் வெர்னனுடன் ஊர் ஊராகச் சுற்றியவர். பிறகு படிக்க உட்கார்ந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1983இல் ரொனால்டு கிரஹாம், வில்லியம் கேன்டர் ஆகியோருடன் ஃபாரோவின் கணிதத்தை எழுதினார். இந்த கிரஹாம் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையிலும் கைதேர்ந்தவர். கைவித்தைக்காரர்களுக்கும் கணக்குக்கும் அப்படி என்ன ஒட்டோ தெரியவில்லை. 1992இல் டயாகோனிஸும் டேவ் பேயரும் சேர்ந்து, நாம் வீட்டில் செய்கிற தாறுமாறான கலைப்பை ஆராய்ந்து, 52 சீட்டுக்கு ஏழு முறை கலைத்தால் ஏறக்குறைய முழுசாகக் கலைந்துவிடும் என்று காட்டினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை பிசகுகிறவர் ஏழு முறை கலைத்தால் கட்டு நன்றாகக் கலைகிறது. கை பிசகாதவர் எட்டு முறை கலைத்தால் கலையவே இல்லை. கலைப்பது சீட்டுகளின் வேலை இல்லை, நம் கைத்தவறின் வேலை. இங்கே ஒன்று, அங்கே மூன்று என்று விழுகிறதே, அந்தத் தவறுகள்தான் ஒவ்வொரு முறையும் கட்டுக்குள் புதிதாக எதையோ போடுகின்றன. ஃபாரோ எதையும் புதிதாகப் போடுவதில்லை. எண்களை இரட்டிப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இதைக் கற்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதும் இதிலேயே இருக்கிறது. இயல்பாகக் கை செய்கிற ஒரே நல்ல காரியத்தை, அதாவது தவறு செய்வதை, நிறுத்தச் சொல்கிறோம்.

பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காராதீர்கள், விரல் வியர்த்துவிடும், சீட்டு ஒட்டும். சென்னை மே மாதத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் எனக்கு ஓடவில்லை. நான் காலையில் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பதினைந்து கோர்வை, ராத்திரி பதினைந்து கோர்வை என்று வைத்துக்கொண்டேன். வேகம் பற்றி நினைக்கவே வேண்டாம். முதலில் சிவப்பு கறுப்பில் தவறில்லாத கோர்வை ஒன்று, பிறகு தொடர்ந்து இரண்டு, பிறகு நாலு. எட்டு தொடர்ச்சியாக வர எனக்கு மூன்று வாரம் ஆனது. இடையில் ஒரே ஒரு தவறு விழுந்தாலும் எட்டாவதில் கட்டு திரும்பாது என்பதால், இந்த வித்தையில் கணக்கே கண்டிப்பான வாத்தியார். சுமாராகச் செய்துவிட்டுச் சமாளிக்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வீட்டில் ரம்மிக்கு வைத்திருந்த கட்டு அது. ரம்மிக் கட்டென்றால் ஜோக்கர் இல்லாமலா? இரண்டு ஜோக்கரும் உள்ளேயே இருந்தன. எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது. இரண்டு சீட்டு கூட இருந்தால் என்ன, பாதியாகத்தானே வெட்டுகிறோம் என்று 27, 27ஆக வெட்டினேன். கோர்வையும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக விழுந்தது.

54 சீட்டில் கழிக்க வேண்டிய எண் 51 இல்லை, 53. 2ஐ எட்டு முறை பெருக்கி வரும் 256ஐ 53ஆல் வகுத்தால் மிச்சம் 1 வராது, 44 வரும். மிச்சம் 1 வர எத்தனை முறை இரட்டிக்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டுக்கொண்டே போனேன். 20 தாண்டியது, 26இல் மிச்சம் 52 வந்தது, 40 தாண்டியது. 52ஆவது முறைதான் 1 வந்தது. இரண்டே இரண்டு ஜோக்கர் சேர்ந்ததில் எட்டு, 52 ஆகிவிட்டது. காரணத்தைக் கையிலேயே பார்க்கலாம். ஒரு ஜோக்கரை உச்சியிலும் மற்றதை அடியிலும் வைத்து வெளிக்கலைப்பு செய்யுங்கள். ஜோக்கர்கள் இரண்டும் அசையாமல் வாசல் காவல் போல நிற்க, அவற்றுக்கு நடுவில் இருக்கிற 52 சீட்டுக்கும் நடப்பது உள்கலைப்பு. 52 சீட்டுக் கட்டை உள்கலைப்பால் மட்டும் திருப்பிக் கொண்டுவர 52 முறை தேவை. 26ஆவது முறையில் பாதி வழியாகக் கட்டு அப்படியே தலைகீழ் வரிசையில் நிற்கும், அதைத்தான் அந்த மிச்சம் 52 சொன்னது.

அடுத்த ஞாயிறு ஜோக்கர்களைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போனேன். எட்டாவது கலைப்பு முடிந்து விரித்ததும் பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏஸிலிருந்து ராஜா வரை விரல் வைத்துப் பார்த்தார். அன்று முதல் ரம்மிக்குக் கட்டைக் கலைக்க என்னை விடுவதில்லை.